தானா மலை ஏறுற வரைக்கும்

என் அண்ணி தாயம்மாளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஒரு நாத்தனாருக்கு வாய் வராது என்று ஊர் நினைக்கும். எனக்கு வரும். ஆனால் கூடவே நாலு திட்டும் வரும். அவளைத் திட்டாமல் அவளைப் பற்றிப் பேச என்னால் முடியாது. அப்படி ஒரு காரியம் செய்து வைத்தாள்.

என் பெயர் மனோரமா. திருத்தணியில் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். மலை அடிவாரத்தில் அப்பா பிரித்துக் கொடுத்த மனையில் என் அண்ணன் சுந்தரமூர்த்தி வீடும் என் வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் இருக்கிற சுவர் என் தோள் உயரம்தான். அவர்கள் வீட்டில் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். சண்டை போட்டால் முழுசாகக் காதில் விழும். அதனால் அந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி மணவூர் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் நெல் மூட்டையை ஒண்டியாகத் தூக்கி உள்ளே வைத்து எங்கள் அம்மாவையே மிரள வைத்தவள். பேச்சு குறைவு, பிடிவாதம் ஜாஸ்தி. அண்ணனுக்குக் கரும்பு விவசாயம். தொண்ணூற்றைந்தில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லரின் மேல் உட்கார்ந்து போனவர், வண்டி பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியபோது கரும்புக் கட்டோடு கீழே விழுந்தார். முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சென்னையில் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, ஒரு இரும்புச் சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அன்று முதல் அண்ணி தள்ளினாள். எங்கள் தெரு மலையைப் பார்த்து ஏறுகிற தெரு. கடைக்குப் போனால் இறக்கம், திரும்பினால் ஏற்றம். டீக்கடை, சலூன், பாங்கி, கழனி எதுவானாலும் அவள் கைதான். அண்ணன் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். கைக்கு ஒரு குறையும் இல்லை. சக்கரத்தை ஒட்டி இருக்கிற வளையத்தைப் பிடித்துத் தாமே தள்ளிக்கொள்ள ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வந்த புதிதில் முயன்று பார்த்தார். ஏற்றத்தில் நாற்காலி பின்னால் உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது. தெருவே பார்த்துவிட்டது. அதோடு விட்டுவிட்டார். "அவ தள்ளிக்குவா" என்று சொன்னார். அவளும் தள்ளிக்கொண்டாள்.

இது போதாது என்று மாதா மாதம் கிருத்திகை வந்தால் அவரை உட்கார வைத்து, வண்டிப் பாதை வழியாக மலைக்கே தள்ளிக்கொண்டு போவாள். பாதை வளைந்து வளைந்து ஏறும். பஸ்ஸே உறுமிக்கொண்டுதான் ஏறும். நடுவில் நின்று, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, மூச்சு வாங்கி, மறுபடி தள்ளுவாள். யாராவது ஒரு கை பிடிக்க வந்தால், "வாணாங்க, நான்தான் தள்ளணும்" என்று விலக்கிவிடுவாள். வேண்டுதல் என்று எல்லோருக்கும் தெரியும். என்ன வேண்டுதல் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "சொன்னா பலிக்காது, மனோ" என்பாள். காவடிக்காரர்கள்கூட அவளுக்கு ஒதுங்கி வழி விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் ஒரே மகள் கவிப்பிரியா. அவள் புருஷன் ராம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி அவரைப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. இரண்டாயிரத்து ஐந்தில் திரும்பி வந்தபோது, கம்பெனிச் சாமான்களோடு கப்பலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் வந்தது. உள்ளே ஒரு சக்கர நாற்காலி. அங்கே யாரோ பயன்படுத்திவிட்டு விற்றதாம். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. சக்கரத்தின் நடுவில் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. கூடவே ஒரு பேட்டரி, சார்ஜர். நம் ஊர் கரண்டு அதற்கு அதிகம் என்று, கரண்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு கனத்த பெட்டி வேறு.

அண்ணனை அதில் உட்கார வைத்தோம். "மாமா, வளையத்த லேசா முன்னால தள்ளுங்க" என்றார் ராம். அண்ணன் அக்கறை இல்லாமல் ஒரு தட்டுத் தட்டினார். நாற்காலி கிர்ரென்று முற்றத்தைத் தாண்டிப் போய்த் துளசி மாடத்துக்கு முன்னால் நின்றது. அண்ணன் வெலவெலத்துப் போய்த் திரும்பிப் பார்த்து, "எவன்டா தள்ளுனது?" என்று கத்தினார். பின்னால் ஒருவரும் இல்லை. எங்களுக்கே தூக்கி வாரிப் போட்டது.

ராம் விளக்கினார். இது தானே ஓடுகிற வண்டி இல்லை. உட்கார்ந்திருப்பவர் வளையத்தைத் தள்ளினாலும் சரி, பின்னால் இருப்பவர் கைப்பிடியைத் தள்ளினாலும் சரி, எவ்வளவு பலம் கொடுக்கிறார்கள் என்று பார்த்து மோட்டார் கூடச் சேர்ந்துகொள்ளும். நாம் கொஞ்சம் கொடுத்தால் அது மீதியைக் கொடுக்கும். நாம் கையை எடுத்தால் அதுவும் விட்டுவிடும்.

அண்ணி பின்னால் போய்க் கைப்பிடியில் கை வைத்தாள். அண்ணனோடு சேர்த்து அந்த நாற்காலி வாசல் மேட்டில் வழுக்கிக்கொண்டு ஏறியது. பத்து வருஷமாகப் பல்லைக் கடித்து ஏற்றிய மேடு அது. நான் கை தட்டினேன், கவி அழுதாள். அண்ணி மட்டும் சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி கையை எடுத்தாள். சிரிப்பே இல்லை. ராமிடம் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இத்த நிறுத்தறது எப்பிடிங்க மாப்ளே?"

ராம் இருக்கைக்குப் பின்னால் அடியில் இருந்த சுவிட்சைக் காட்டினார். "ஆனா அணைச்சுட்டுத் தள்ளாதீங்க அத்த. மோட்டார் கனமும் சேர்ந்து பழைய நாற்காலிய விட பாரமா இருக்கும்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஜாக்கிரதைக்காரி, தெரிந்து வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டின் முகமே மாறிப்போனது. முன்பெல்லாம் மார்க்கெட்டில் இருந்து திரும்பினால் அண்ணி நேரே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள், பேச வாய் எழாது. இப்போது ஒரு கையில் குடை, ஒரு கையில் நாற்காலி, வழியெல்லாம் தெருக்காரர்களோடு பேச்சு. வலிக்காக மணிக்கட்டில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டாள். அண்ணனும் டீக்கடைக்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் போக ஆரம்பித்தார், அதுவும் அவளைத் தள்ளச் சொல்லித்தான். போகட்டும், அவள் உடம்புக்கு விடிவு வந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

தை மாதக் கிருத்திகை அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கோயில் பஸ்ஸில் மலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாவது வளைவில் கூட்டம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அண்ணனின் குரல் கேட்டது. "யாராச்சும் தூக்குங்களேன்! அவளத் தூக்குங்களேன்!"

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அண்ணி பாதை ஓரத்தில் சுருண்டு கிடந்தாள். பாவி, விழுகிற நேரத்திலும் நாற்காலிச் சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறாள். மஞ்சள் புடவையின் பின்பக்கம் ரத்தம். அண்ணன் நாற்காலியில் இருந்து கையை நீட்டுகிறார், அவளுக்கு எட்டவில்லை. எங்கள் தெரு ஆட்டோக்காரர் சேட்டு அந்த வழியாக வந்தது தெய்வச் செயல். அவரும் இன்னும் இரண்டு பேரும் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள்.

அண்ணனையும் இறக்க வேண்டுமே என்று கல்லை எடுத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினேன். அசையவில்லை. உடம்பையெல்லாம் கொடுத்துத் தள்ளினேன், ஒரு சாண் நகர்ந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது போல என்று குனிந்து பார்த்தேன். சுவிட்சுப் பக்கத்து விளக்கு எரியவில்லை. சுவிட்சை அழுத்தினேன். பச்சை விளக்கு முழுசாக எரிந்தது. கைப்பிடியில் என் கை பட்டதும் நாற்காலி தக்கை மாதிரி நகர்ந்தது.

பேட்டரி நிறைய இருக்கிறது. சுவிட்சு அணைந்திருக்கிறது. இந்த மலையை இந்தப் பொம்பளை மோட்டார் இல்லாமல், மோட்டாரின் கனத்தையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறாள்.

"அணைச்சா இருந்துச்சி?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"மலைக்கு வர்றப்பல்லாம் அணைச்சுடுவா."

"உனுக்குத் தெரியுமா?"

"எறங்கறப்ப வேணும்னு பேட்டரிய மிச்சம் புடிக்கிறான்னு நெனச்சேன், மனோ."

என் கூடப் பிறந்தவர், வயதில் மூத்தவர். இல்லாவிட்டால் அந்த வளைவிலேயே ஓர் அறை விட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் அண்ணியைச் சோதித்துவிட்டு வெளியே வந்தார். "நீங்கள்லாம் ஒரே வீட்லதானே இருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார். கர்ப்பப்பை முழுசாக இறங்கி வெளியே வந்துவிட்டதாம். இன்று நேற்று வந்தது இல்லையாம். பழைய வேட்டியைக் கிழித்துக் கோவணம் மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டு நடமாடியிருக்கிறாள். உராய்ந்து உராய்ந்து புண்ணாகி, அன்றைக்குப் புண் கிழிந்து ரத்தம் கொட்டியிருக்கிறது. "பாரம் தள்ளித் தள்ளி ஆனது இது" என்றார் டாக்டர்.

தோள் உயரச் சுவர். தும்மல் வருகிறது, சண்டை கேட்கிறது. இது மட்டும் எனக்குத் தெரியவில்லை. உள்ளே போனேன். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"எப்பத்லேர்ந்து அண்ணி?"

"கவி பத்தாவது படிக்கச்சொல்ல."

கவிக்குக் கல்யாணமாகியே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றேன். "இத்தப் போய் யார் கிட்ட சொல்றது? சொன்னா தள்ளக்கூடாதுன்னுவீங்க" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்தாக வேண்டும். அதற்குப் பிறகு இழுக்கிறது, தூக்குகிறது, மலை ஏறித் தள்ளுகிறது எதுவும் கூடாது. தள்ளினால் தையல் விட்டுப்போகும். ஆபரேஷன் வேண்டாம் என்று இப்படியே தள்ளினால் உயிருக்கே ஆபத்து.

"ஆபரேசன் வாணாம்" என்றாள் அண்ணி. "கிருத்திகை தப்பக்கூடாது."

அண்ணன் வார்டு வாசலில் நாற்காலியில் இருந்தார். அவர் காதில் இது விழுந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அப்பிடி இன்னாதான் வேண்டிக்கினே? சாமி வந்து உன்ன சாவச் சொல்லிச்சா? மோட்டார் இருக்கச்சொல்ல எதுக்கு அணைச்ச? சொல்லு!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "அவுர ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டியாந்தப்போ மலைப் படியில தலைய வெச்சு சொன்னேன். 'அவுரு தானா மலை ஏறுற வரைக்கும் மாசா மாசம் என் கையால தள்ளிக்கினு வர்றேன், முருகா'ன்னு. என் கையாலன்னு சொல்ட்டு மோட்டார உட்டுத் தள்ளச் சொன்னா அது இன்னா வேண்டுதல்? சாமிய ஏமாத்தச் சொல்றியா?"

ராம் சமுத்திரம் தாண்டிக் கொண்டு வந்தது அவள் கஷ்டத்தைக் குறைக்க. அவளோ அந்தக் கஷ்டத்தைத்தான் சாமிக்குப் பேசி வைத்திருந்தாள். அது குறைந்தால் கொடுத்த வாக்கில் குறைகிறது. மற்ற நாளில் மோட்டார், கிருத்திகைக்கு மட்டும் தன் உடம்பு. கோபம் தணிந்து உட்கார்ந்த சாமி என்றுதான் எங்கள் மலைக்குப் பெயர். எனக்கு என்னவோ அன்றைக்கு யார் மேலும் தணியவில்லை.

"இன்னொரு தபா சொல்லு" என்றார் அண்ணன், வாசலில் இருந்து.

"எத்த?"

"வேண்டிக்கினத. அப்பிடியே சொல்லு."

"அவுரு தானா மலை ஏறுற வரைக்கும்..."

"தானா. அதான சொன்ன?"

"ஆங்."



புண் ஆறட்டும், அதற்குள் மனசு மாறட்டும் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அண்ணியைப் படுக்க வைத்து நான்தான் இரண்டு வீட்டுக்கும் சமைத்தேன். அந்த நாட்களில் பகலெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் கிர்... கிர்... என்று சத்தம். அண்ணன் முற்றத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். சும்மா பொழுது போக்குகிறார் என்று நினைத்தேன். அண்ணி அவர் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. மாசிக் கிருத்திகைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து சாப்பிட்டதே எழுந்து நின்று தள்ளுவதற்காகத்தான். டாக்டரிடம் தேதி கேட்கட்டுமா என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கிருத்திகை அன்று காலை அவள் குளிக்கப் போனாள். சுவருக்கு மேலே அண்ணன் குரல். "மனோ, வந்து கதவத் தொற." திறந்தேன். அவர் வளையத்தில் கை வைத்தார். நாற்காலி வாசல் இறக்கத்தில் இறங்கி, மலையைப் பார்த்துத் திரும்பியது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. "அண்ணா, வாணாம், பின்னால உருளும்!" என்று கூவிக்கொண்டே ஓடினேன். வேலி ஓரத்தில் கிடந்த அரைச் செங்கல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன். சக்கரம் பின்னால் வந்தால் கொடுக்க வேண்டுமே.

அந்தச் செங்கல்லை மலை உச்சி வரைக்கும் சுமந்தேன். அவர் இரண்டு வளையத்தையும் ஒரு தள்ளு தள்ளுவார், மோட்டார் சேர்ந்துகொள்ளும், நாற்காலி ஏறும். கையை எடுத்தால் நின்றுவிடும், உடனே பிரேக்கைப் போடுவார். மறுபடி தள்ளுவார். சமதரையில் ஒரு தட்டுப் போதும். மலை ஏற்றத்தில் மோட்டார் பாதி செய்தாலும் மீதிப் பாதி அவர் தோளில்தான் இறங்கியது. பத்து வருஷமாக வேலை பார்க்காத கை. முதல் வளைவிலேயே சட்டை நனைந்துவிட்டது. யாரோ ஒரு காவடிக்காரர் நல்ல மனசோடு பின்னால் வந்து கைப்பிடியைத் தொட்டார். "கைய எடுய்யா! தானா போவணும்!" என்று அண்ணன் போட்ட கூச்சலில் அந்த மனுஷன் காவடியோடு ஒதுங்கினார்.

அண்ணி விழுந்த இடம் வந்தது. அண்ணன் அங்கே நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினார். கடைசி ஏற்றத்தில் பச்சை விளக்கு சிவப்பாகி மினுக்கியது. நான் செங்கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "முருகா, முருகா" என்று அழுதுகொண்டே பின்னால் போனேன். மேலே வந்து பிரேக்கைப் போட்டவர் கோபுரத்தைப் பார்த்து நிமிர்ந்தார். கும்பிடக் கை சேரவில்லை, அப்படி நடுங்கியது. "வந்துட்டேன். அவள உட்டுடு" என்றார். அவ்வளவுதான் அவர் வேண்டுதல்.

சேட்டு ஆட்டோவில் வீடு திரும்பினோம். அண்ணி வாசலில் நின்றுகொண்டிருந்தாள், ஈரத் தலைகூட முடியவில்லை. எங்களை இறக்கிவிட்டுச் சேட்டுவே விஷயத்தைச் சொன்னார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நம்பிக்கை வந்ததும் கோபம் வந்தது.

"தானான்னா நடந்துன்னு அர்த்தம்!"

"நடந்துன்னு நீ சொல்லலியே" என்றார் அண்ணன்.

"மோட்டார்தான ஏத்துச்சு?"

"நான் தள்ளலன்னா மோட்டார் சும்மா நிக்கும். உன் மாப்ளையக் கேளு. மொதல்ல என் கை. பொறவுதான் அது."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பாதி உடைந்து தோல் உரிந்து சிவப்பாகத் தெரிந்தது. எனக்கே பார்க்க முடியவில்லை. அண்ணி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரலைத் தொட்டாள், மணிக்கட்டைத் தொட்டாள். அவளுடைய கைகளில் அதே இடங்களில் காய்த்துப் போயிருந்தது. சாமியோடு அவள் போட்ட கணக்குத் தீர்ந்துவிட்டது என்பது அவளுக்கு மெல்ல மெல்ல உறைத்தது. அதோடு இன்னொன்றும் உறைத்தது. அது அவள் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். மலையில் கிடந்தபோதுகூட அவள் முகம் அப்படி இல்லை.

"பத்து வருசமா இந்தக் கை எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அண்ணனுக்குப் பொய் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை போல.

"மடியில" என்றார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவர் அழுதார். அவள் அந்தக் கையை விடாமல் அப்படியே நின்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"மனோ, டாக்டராண்ட தேதி கேளு. அதுக்கு முன்ன இந்தக் கைக்கு எண்ண போட்டு உடு. ஆபரேசன் முடிஞ்சு நான் படுத்துக்கினா, எனக்குத் தண்ணி மொண்டு குடுக்க இதான் வரணும்."